‘ங்க’ எங்கே போச்சு?

அரட்டைத் திரையில் சொல் சுருங்கும்போது மரியாதை என்ன ஆகிறது? ஐந்து மொழி புழங்கும் ஜங்லிகாட்டிலிருந்து ஒரு பார்வை

அந்தமானின் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் விடியல் முந்திக்கொண்டு வரும். அந்தமான் தீவுகள் சென்னைக்குக் கிழக்கே தீர்க்கரேகைக் கணக்கில் பன்னிரண்டு பாகை தள்ளிக் கிடக்கின்றன. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஜூன் மாதத்தில் சென்னையில் சூரியன் தலைகாட்ட ஏறக்குறைய ஐந்தே முக்கால் ஆகும். இங்கே ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். படகுகள் அணைகின்றன, ஐஸ் பெட்டிகள் இறங்குகின்றன, சட்டைப் பைகளில் கைபேசிகள் சிணுங்குகின்றன. ரோஜாப்பூவும் ஆவி பறக்கும் காபிக் கோப்பையும் வைத்த ஒரு ‘குட்மார்னிங்’ படம் வங்கக் கடலைத் தாண்டிப் போய், ராமநாதபுரத்தில் இருட்டில் உறங்கிக்கொண்டிருக்கும் சித்தப்பாவின் தலையணைக்கடியில் அதிர்கிறது. அனுப்பியவர் மரியாதையாகத்தான் அனுப்பினார். எழுந்தவருக்கு அது மரியாதையாகப் படவில்லை.

அதே நேரத்தில் இன்னொரு குழுவில் இன்னொரு வகைச் செய்தி ஓடும். மீன் ஏற்றும் வண்டிக்காரருக்கு ஓர் இளைஞர், ‘7 மணி வா’ என்று தட்டிவிடுகிறார். நேரில் பார்த்தால் அந்த வாயில் ‘வா’ வராது. ‘ஏழு மணிக்கு வந்துருங்கண்ணே’ என்றுதான் வரும். அவசரம், ஈரக் கை, சிறிய திரை. சில எழுத்து மிச்சமாயிற்று. வண்டிக்காரருக்கு வயது அறுபது.

அரட்டைத் திரையின் சுருக்கெழுத்தைப் பற்றி உலகமெங்கும் எழுதப்பட்டவை பெரும்பாலும் ஆங்கிலத்தை முன்வைத்தவை. ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ ஒரு தனிச் சொல். வேண்டுமானால் சேர்க்கலாம், வேண்டாமென்றால் விடலாம். விட்டாலும் வினைச்சொல் அப்படியே நிற்கும். தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. வா, வாங்க, சொல்லு, சொல்லுங்க, சாப்பிட்டியா, சாப்பிட்டீங்களா. சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது வாலைத்தான். ஆங்கிலத்தில் சுருக்கினால் சொல் குட்டையாகிறது. தமிழில் சுருக்கினால் எதிரில் இருப்பவர் வயதில் இறங்கிவிடுகிறார். சண்டைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பெட்டிச் செய்தி: எழுபது கட்டம்

குறுஞ்செய்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் 140 பைட். ரோமன் எழுத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழ் ஒருங்குறிக்கு எழுத்துக்குறி ஒன்றுக்குப் பதினாறு பிட் வேண்டும்; ஆக எழுபதுதான். அந்த எழுபதிலும் புள்ளிக்கு ஒரு கட்டம், கால், கொம்பு, சுழிகளுக்குத் தனித்தனிக் கட்டம். ‘வா’ என்பதற்கு 2 கட்டம், ‘வாங்க’ என்பதற்கு 5. ‘சாப்பிட்டியா’ 12, ‘சாப்பிட்டீங்களா’ 15. மரியாதையின் விலை சரியாக மூன்று கட்டம். ஒரு சாப்பாட்டு விசாரிப்பே செய்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். காசு கொடுத்துக் குறுஞ்செய்தி அனுப்பிய தலைமுறை ரோமன் எழுத்துக்குத் தாவியதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

சுருக்கத்திலும் மரியாதை இருந்த காலம்

சுருக்கெழுத்து கைபேசியோடு வந்தது என்று நினைப்பவர்கள் பழைய பத்திரங்களை எடுத்துப் பார்க்கலாம். நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி என ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒற்றைக் குறி இருந்தது. ௳, ௴, ௵, ௶, ௷, ௸ என்று அவை இன்றும் ஒருங்குறியில் இடம்பிடித்திருக்கின்றன. கடிதத் தலைப்பில் ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று முழுதாக எழுதக் கை வலித்தபோது ‘ம.ரா.ரா.ஸ்ரீ’ என்று சுருக்கினார்கள். கவனிக்க வேண்டியது, சுருக்கியது மரியாதையை விடுவதற்காக அல்ல, விடாமல் இருப்பதற்காக. சிரஞ்சீவிக்கு ‘சி.’, சௌபாக்கியவதிக்கு ‘சௌ.’ என்பதும் அப்படியே. மரியாதைதான் அங்கே சுருக்கெழுத்தின் முதல் பொருள்.

தந்தியும் சொல்லுக்குக் காசு வாங்கியது. அதற்கென்றே இந்தியத் தந்தித் துறை வாழ்த்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருந்தது. தீபாவளி வாழ்த்துக்கு எண் 1. நீடித்த இன்பமான மணவாழ்வுக்கு எண் 8. அனுப்புகிறவர் எண்ணைச் சொன்னால் போதும், பெறுகிறவர் கையில் முழு வாக்கியமாக இறங்கும். சுருக்கம் கம்பியில், நிறைவு காகிதத்தில். 2013 ஜூலை 14 அன்றோடு அந்தச் சேவை நின்றது. இன்றைய பிறந்தநாள் ‘ஹெச்பிடி’யில் நடப்பது தலைகீழ். அனுப்புகிறவர் சுருக்குகிறார், பெறுகிறவர் கையிலும் சுருங்கியதே விழுகிறது.

கம்பியில்லா வானொலி ஒரு படி மேலே போனது. அமெச்சூர் வானொலிக்காரர்கள் விடைபெறும்போது ‘73’ என்பார்கள். அன்பான வாழ்த்துகள் என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தந்திக்காரர்களின் எண் பட்டியலிலிருந்து வந்தது அது. கியூ என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகள் பல: மெதுவாக அனுப்பு, சற்றுப் பொறு, குறுக்கீடு இருக்கிறது, இந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கடைசியில் சொன்ன கேள்வியைக் கேட்காமல் பேசத் தொடங்குவது அந்த உலகத்தில் பெரிய அநாகரிகம்.

இந்த ஒழுங்கின் அருமையை அந்தமான் நேரில் கண்டது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஓர் அமெச்சூர் வானொலிக் குழு போர்ட் பிளேரில் தங்கி, உலகெங்கும் உள்ள வானொலி ஆர்வலர்களோடு தொடர்புகொள்ளும் முயற்சியில் இருந்தது. டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை அடித்தது. தொலைபேசிகள் அடங்கின. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த கருவிகள் அன்றே அவசரத் தொடர்பு நிலையமாயின. தீவில் இருப்பவர் நலமா என்ற கேள்வியும் பதிலும் அதன் வழியாக மெயின்லேண்டுக்குப் போய்வந்தன. அவசரச் செய்தி ஓடும் அலைவரிசையில் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது வானொலிக்காரர்களின் எழுதாச் சட்டம். இன்று தீவில் நிலம் லேசாக ஆடினால் வாட்ஸ்அப் குழுக்களில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் நிமிடத்தில் ‘ஃபீல் பண்ணீங்களா’ என்று நாற்பது பேர். அடுத்த நிமிடத்தில் கைகூப்பிய படங்கள். அதற்கடுத்து எங்கோ எப்போதோ எடுத்த வீடியோ ஒன்று. ‘அம்மா தனியா இருக்காங்க, யாராவது பக்கத்துல இருக்கீங்களா’ என்ற ஒரே ஒரு உண்மையான செய்தி திரையின் மேல்பக்கம் ஏறிக் கண்ணுக்கு மறைந்துவிடும்.

ஐந்து மொழி, ஒரு குழு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் வாழ்பவர்கள் 3,80,581 பேர். தாய்மொழிக் கணக்கில் வங்காளம் 28 விழுக்காட்டுக்குச் சற்று மேல், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, அடுத்து நிக்கோபாரியும் மலையாளமும். எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. தெருவில் பொதுமொழி இந்தி. ஜங்லிகாட் போன்ற ஒரு துறைமுகப் பகுதியில் ஒரே சந்தில் ஐந்து மொழி கேட்கும். ஒரே குடியிருப்புக் குழுவில், ஒரே பள்ளிப் பெற்றோர் குழுவில் அந்த ஐந்தும் ரோமன் எழுத்தில் வந்து விழும்.

மரியாதையை வாலில் வைத்திருப்பது தமிழ் மட்டுமல்ல என்பதுதான் இங்கே வேடிக்கை. தெலுங்கில் ‘ரா’, ‘ரண்டி’. வங்காளத்தில் ‘ஆய்’, ‘எஷோ’, ‘ஆஷுன்’ என்று மூன்று படி. இந்தியிலும் ‘ஆ’, ‘ஆவோ’, ‘ஆயியே’ என்று மூன்று. எல்லா மொழியிலும் குட்டையான சொல்லே மரியாதை குறைந்த சொல். ஆகவே சுருக்குகிற பழக்கம் எல்லாரையும் ஒரே திசையில், கீழ்நோக்கித் தள்ளுகிறது. தமிழர் எழுதிய ‘ஆ’ இந்திக்காரருக்கு உறைக்கிறது. வங்காளி எழுதிய முன்னிலைச் சொல் ‘துமி’ நட்பா அலட்சியமா என்று தமிழருக்குத் தெரிவதில்லை.

தப்பிக்கும் வழிகளை மக்களே கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் வழி, ஆங்கில வினை. ‘கம் அட் செவன்’ என்பதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. யாரும் கோபித்துக்கொள்ள இடமில்லை. இரண்டாவது வழி, வெட்டிய வாலைப் பெயரில் ஒட்டவைப்பது. வினை மொட்டையாக இருந்தாலும் முன்னாலோ பின்னாலோ ஒரு ‘சார்’, ஒரு ‘ஜி’, ஒரு ‘பையா’, ஒரு ‘அண்ணா’. ‘7 மணி அண்ணா’ என்றால் வினையே தேவையில்லை. உறவுச்சொல் வேலையை முடித்துவிடும். ‘ப்ரோ’ என்பது இந்த வரிசையில் கடைசியாக வந்தது. எந்த மொழிக்கும் சொந்தமில்லாததால் எல்லா மொழிக்கும் ஆகிவந்தது. ஆனால் ஒத்த வயதுக்கு மட்டும்தான். வங்கிக் குழுவில் மேலாளரை ‘ப்ரோ’ என்று கூப்பிட்டவர் அடுத்த நாள் முகம் பார்த்துப் பேசச் சிரமப்படுவார்.

உறவுச்சொல்லிலும் வழுக்கல் உண்டு. வங்காளியின் ‘தாதா’ அண்ணன். இந்தியில் அதுவே அப்பாவின் அப்பா. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த காதுக்கு அது ரவுடி. குழுவில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையனை யாராவது ‘தாதா’ என்று அழைத்தால் அவன் ஒரு கணம் திகைப்பது நியாயம்தான்.

சுருக்கம் யார் ஊர்க்காரர், யார் வந்தவர் என்றும் காட்டிக்கொடுக்கும். ‘ஏடிஆர்’ என்றால் மெயின்லேண்டுக்காரருக்குச் சிறிய விமானம். தீவுக்காரருக்கு அந்தமான் டிரங்க் ரோடு. ‘டிஎஸ்எஸ்’ கப்பல் சேவை இயக்ககம்; ‘ஜேஎன்ஆர்எம்’ அரசுக் கல்லூரி. புதிதாகக் குடியேறியவர் இருக்கும் குழுவில் இவற்றை ஒருமுறையாவது விரித்துச் சொல்வது இணக்கமான பழக்கம். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆனாலும் விமானச் சீட்டில் ஊரின் குறி ‘ஐஎக்ஸ்இசட்’ தான். சென்னை இன்னும் மெட்ராஸை நினைவூட்டும் ‘எம்ஏஏ’ என்பதைப் போல. சுருக்கங்களுக்குப் பெயர்களைவிட ஆயுசு கெட்டி.

வலியா, வழியா?

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதும்போது காணாமல் போவது மரியாதை விகுதி மட்டுமல்ல. குறில் நெடில் போகிறது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிறது. ந, ன, ண வேறுபாடு அழிகிறது. வலி, வழி, வளி மூன்றும் ஒரே நான்கெழுத்து. பட்டு, பாட்டு, பத்து, பற்று நான்கையும் இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ‘கால் வலி’ என்று மருத்துவமனைக்குப் போனவர் எழுதியதை ‘கல் வழி’ என்று யாரும் படிக்கமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் ‘மாமாவுக்கு வலி தெரியல’ என்றால் மாமா வழிதவறினாரா, மரத்துப்போனாரா?

தட்டச்சு வசதி இல்லாததுதான் காரணம் என்று சொல்லும் காலம் போய்விட்டது. தமிழ்நெட்99 விசைப்பலகை 1999 சென்னை மாநாட்டின் வழியாக வந்தது. முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ 2005 முதலே கைபேசியில் தமிழைக் கொண்டுவந்தது. இன்றைய கைபேசிகளில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் பழக்கம் விடுவதில்லை. அதோடு, தமிழ் எழுத்து படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் தீவில் உண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து, வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பாட்டிக்கு ரோமன் எழுத்து தெரியாது, பேத்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இருவரும் சந்திக்கும் இடம் வாய்ஸ் மெசேஜ்.

வாட்ஸ்அப்பில் 2013 ஆகஸ்டில் வந்த இந்த வசதி வெட்டிய வாலை ஒட்டிக்கொடுத்தது என்று சொல்லலாம். பேசும்போது யாரும் ‘ங்க’வை விழுங்குவதில்லை. படகிலிருந்து வலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறவருக்குத் தட்டச்சைவிட அதுவே எளிது. எதிர்ப்பக்கம் வேறு தொல்லை: அலுவலகத்தில் இருப்பவர் கேட்க முடியாது, நான்கு நிமிடப் பேச்சில் தேவையான செய்தி கடைசிப் பத்து நொடியில் இருக்கும். 2021-இல் இரட்டை வேகத்தில் கேட்கும் வசதி வந்தது. பெரியவர் ஒருவர் நிதானமாக, நலம் விசாரித்து, மழையைப் பற்றிச் சொல்லி, விஷயத்துக்கு வருவதை இரட்டை வேகத்தில் கேட்பது அவருக்குத் தெரியாதவரை தவறில்லை.

எழுத்தில் அப்படி மறைக்க முடியாது. ஆங்கிலத்தில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்து எரிச்சலின் அடையாளம் ஆகிவிட்டது. தமிழில் அதற்கு நிகர் ‘ம்’. கதை சொல்கிறவருக்கு உம் கொட்டுவது கேட்பவரின் கடமை. உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். அதே ‘ம்’ திரையில் தனியாக நிற்கும்போது, எனக்கு அக்கறையில்லை என்று படிக்கப்படுகிறது. குரலின் ஏற்ற இறக்கத்தில் இருந்த பொருள் எழுத்துக்குள் வராததுதான் கோளாறு. அமெரிக்காவில் பிங்ஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் இதையொட்டிய ஒன்றைக் கண்டது: ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின் முற்றுப்புள்ளி வைத்தால், அந்தப் பதில் மனதிலிருந்து வரவில்லை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘சரி’க்கும் ‘சரி.’க்கும் உள்ள தூரம் தமிழர்களுக்கும் தெரியும்.

ஒரே ஒரு வணக்கம் போதுமா?

இணைய உரையாடல் அறைகளின் பழைய முன்னோடி, பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988 ஆகஸ்டில் உருவாக்கிய ஐ.ஆர்.சி. இணையப் பழக்கங்களை இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் 1995 அக்டோபரில் ஓர் ஆவணமாகத் தொகுத்தார். ஆர்.எஃப்.சி. 1855 என்ற எண்ணில் அறியப்படும் அந்த ஆவணம் இன்றும் படிக்கத் தக்கது. பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதுபோல் இருக்கும்; கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு; முதலில் கேள், பிறகு பேசு; வயது, பால், ஊர் என்று துருவாதே; அறைக்குள் வந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வணக்கம் வேண்டாம், பொதுவாக ஒன்று போதும்.

கடைசி இரண்டும் தமிழ் வழக்கத்தோடு மோதுகின்றன. எந்த ஊர், யார் மகன் என்று கேட்பது நம்மிடையே பேச்சின் வாசற்படி. தீவில் அது இன்னும் கூடுதல்: மெயின்லேண்டில் எந்த ஊர் என்று கேட்காமல் இரண்டு தமிழர்கள் பேசிமுடிப்பது அரிது. அந்நியர் நிறைந்த குழுவில், அதுவும் ஒரு பெண்ணிடம், அதே கேள்வி மிரட்டலாக ஒலிக்கும். நேரில் கேட்பவரின் முகம் தெரிகிறது, பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். திரையில் ஒரு பூப்படமும் ஒரு எண்ணும்தான்.

வணக்க விஷயத்தில் நம் வழக்கம் கல்யாண மண்டபத்தினுடையது. ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்காமல் போனால் அது பேச்சாகிவிடும். ஆகவே ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் இருநூறு பேரும் வாழ்த்த வேண்டும், பெற்றோர் இருநூறு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும். யாருக்கும் அது தேவையில்லை; யாராலும் விடவும் முடியாது. 2022 மேயில் செய்தியின் மீதே ஓர் இதயத்தையோ கட்டைவிரலையோ ஒட்டும் வசதி வந்தபோது இது கொஞ்சம் அடங்கியது. 2014 நவம்பரில் வந்த நீல டிக் ஏற்கெனவே ஒரு புதுக் குற்றத்தை உண்டாக்கிவிட்டிருந்தது: பார்த்தும் பதில் சொல்லவில்லை. கண்டும் காணாமல் போவது என்ற பழைய குற்றம்தான் அது. முன்பு அதற்குச் சாட்சி இல்லை, இப்போது இரண்டு நீலக் கோடு சாட்சி.

பெட்டிச் செய்தி: கடலடியில் ஒரு கம்பி

2020 வரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமிக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய் இறங்க ஒரு சொல்லுக்கு ஏறக்குறைய கால் நொடி. பதில் வர இன்னொரு கால் நொடி. படம் திறக்காது, வீடியோ சுழன்றுகொண்டே இருக்கும். அன்று சுருக்கமாக எழுதுவதே அடுத்தவருக்குச் செய்யும் உதவி. பெரிய வீடியோவைக் குழுவில் போடுவது தண்ணீர்க் குழாயில் நெடுநேரம் குடம் வைத்திருப்பதுபோல. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி ஒளியிழைக் கம்பி தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரோடு ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் ஆகியவற்றையும் அது தொட்டது. நெருக்கடி தீர்ந்தது. சுருக்கெழுத்து மட்டும் போகவில்லை.

சாவும் கல்யாணமும்

சுருக்கம் அதிகம் சுடுவது துக்கச் செய்தியில். தமிழ்நாட்டு ஊர்களில் கேதம் சொல்ல ஆள் போவார். கேட்டவர் வேலையைப் போட்டுவிட்டு நேரில் வந்து நிற்பார். சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள். விமானச் சீட்டு கிடைத்தாலும் கையைக் கடிக்கும். ஆகவே தீவிலிருக்கும் மகனுக்கு ஊரில் தகப்பன் இறந்தாலும், ஊரிலிருக்கும் அண்ணனுக்குத் தீவில் தங்கை இறந்தாலும், பல நேரம் செய்திதான் வருகை. அந்த வருகை ‘ஆர்ஐபி’ என்று மூன்றெழுத்தாக வரும்போது வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது போலாகிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதும் தேய்ந்த வாக்கியம்தான். ஆனால் தேய்ந்த வாக்கியத்தைக்கூட முழுதாக எழுதியவர், அந்த நேரத்தைச் செலவழித்தார். துக்க வீட்டில் கணக்கில் வருவது அதுவே. இறந்தவரைப் பற்றி ஒரே ஒரு நினைவு, அவர் போட்ட டீயோ சொன்ன கிண்டலோ, இரண்டு வரியில் வந்தால் அதைக் குடும்பம் வருடக்கணக்கில் வைத்திருக்கும்.

துக்கக் குழுவில் இன்னொரு விபத்தும் நடக்கும். கைகூப்பிய சின்னப்படம் தமிழருக்கு வணக்கம், நன்றி, மன்னிப்பு, அஞ்சலி எல்லாமும். அதே பட்டியலில் இருக்கிறது கண்ணீர் வரச் சிரிக்கும் முகம். கண்ணாடி போடாத பெரியப்பா அதை அழும் முகம் என்று நினைத்து அனுப்பினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணீர் என்னவோ இரண்டிலும் இருக்கிறது.

கல்யாண அழைப்பில் தீவுக் குடும்பங்களுக்குச் சமாதானம் ஒன்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. நேரில் வந்து அழைத்ததாகக் கருதும்படி பத்திரிகையில் ஒரு வரி போடுவது தபால் காலத்து வழக்கம். தாம்பூலத் தட்டோடு படியேறாதவர் அந்த வரியின் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். வாட்ஸ்அப் பத்திரிகை அந்த வரியை இன்னும் நம்பி நிற்கிறது. ஆனால் குழுவில் போட்ட பத்திரிகையை அழைப்பாக எடுத்துக்கொள்ள மூத்தவர்கள் பலர் தயாரில்லை. தனியாக அனுப்பி, உறவுமுறை சொல்லி, பிறகு ஒரு போன் போட்டால் ஏற்பார்கள். தட்டுக்கு மாற்றாகப் போன் அழைப்பு. இதுவும் யாரும் எழுதிவைக்காமல் பத்திருபது வருடத்தில் உருவான சம்பிரதாயம்.

கட்டைவிரல் கோர்ட்டுக்குப் போனது

சுருக்கக் குறிகள் நீதிமன்றப் படியேறியதும் நம் பக்கத்தில்தான். தூத்துக்குடி பி.எஸ்.என்.எல். ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோவுக்குப் பதிலாகச் சிலர் உணர்ச்சிப் படங்களைப் போட்டார்கள்; அதிகாரி ஒருவர் புண்பட்டுப் புகார் கொடுக்க, வழக்குப் பதிவாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அத்தகைய படம் ஒரு விஷயத்தைப் பற்றிய தன் உணர்வைக் காட்டும் குறி என்று கண்டு வழக்கை 2018-இல் ரத்து செய்தது. 2024-இல் அதே கிளைக்கு இன்னொன்று வந்தது. மேலதிகாரி கொல்லப்பட்ட செய்திக்குக் குழுவில் கட்டைவிரல் காட்டியதால் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் வேலை இழந்திருந்தார். கட்டைவிரல் ‘சரி, பார்த்தேன்’ என்பதற்கும் பயன்படும், கொலையைக் கொண்டாடியதாக ஆகாது என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கனடாவின் சஸ்காச்சுவானில் 2023-இல் நடந்தது நேர்மாறு: ஆளிவிதை விற்கும் ஒப்பந்தத்தின் படத்துக்கு விவசாயி அனுப்பிய கட்டைவிரல் கையெழுத்துக்குச் சமம் என்று தீர்ப்பாகி, சுமார் 82,000 கனடிய டாலர் கொடுக்க நேர்ந்தது.

ஒரே விரல், ஓரிடத்தில் வெறும் ரசீது, இன்னோரிடத்தில் கையொப்பம். மீன் விலையைக் கைபேசியில் பேசி முடிக்கும் துறைமுகத்தில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. ‘40 கிலோ, நாளைக்கு’ என்ற செய்திக்குக் கீழே ஒரு கட்டைவிரல் இருந்தால், பார்த்தேன் என்றா, எடுத்துக்கொள்கிறேன் என்றா? ‘எடுத்துக்கிறேன்’ என்று ஒரு சொல் எழுதிவிடுவதே லாபம். ஜங்லிகாட்டுக்காரருக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அந்தமான் தீவுகள் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகின்றன. மதுரைத் தீர்ப்பு இங்கே வழிகாட்டலாம், கட்டுப்படுத்தாது.

பெரிய விளைவு இதைவிடச் சின்ன செயலில் இருக்கிறது: அப்படியே தள்ளிவிடுதல். 2018 மே மாதம் குலதெய்வக் கோயிலைத் தேடி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்த வதந்தி ஊர்க்காரர்கள் மனதில் இருந்தது. கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அந்த வதந்தியைத் தள்ளிவிட்டவர்களில் பெரும்பாலோர், அக்கம்பக்கத்தாரை எச்சரிப்பது நல்ல பழக்கம் என்று நினைத்தே அனுப்பியிருப்பார்கள். நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்தபின், அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ள முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளுக்கு அது ஒன்றாகக் குறைந்தது.

‘நான் எழுதலை, வந்ததை அனுப்பினேன்’ என்ற சமாதானமும் செல்லுபடியாகவில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர் தொடர்பான வழக்கில், பகிர்வதும் அதை ஏற்பதற்குச் சமம் என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் எடுத்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. குழு அட்மினுக்கு மட்டும் சற்று ஆறுதல். கரூர் வழக்கறிஞர் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. அடுத்தவர் வீட்டுச் சண்டைக்கு நாட்டாமை ஜெயிலுக்குப் போகவேண்டியதில்லை.

போயிட்டு வர்றேன்

விடைபெறுவதில் தமிழும் இணையமும் ஓரிடத்தில் ஆச்சரியமாக ஒத்துப்போகின்றன. ‘போறேன்’ என்று சொல்லித் தமிழர் வீட்டிலிருந்து யாரும் கிளம்புவதில்லை. ‘போயிட்டு வர்றேன்’ என்பதே வழக்கம். பழைய அரட்டை அறைகளின் ‘பிஆர்பி’, இதோ வந்துவிடுகிறேன், கிட்டத்தட்ட அதன் மொழிபெயர்ப்பு. ஆர்.எஃப்.சி. 1855 இன்னொன்றும் சொன்னது: விடைபெற்றுக்கொள், எதிரிலிருப்பவரின் விடையும் வரும்வரை காத்திரு, பிறகு இணைப்பைத் துண்டி. வாசல்வரை வந்து வழியனுப்புவது என்பதை ஒரு கணினி ஆவணம் இப்படித்தான் எழுதும்.

வாட்ஸ்அப் குழுவுக்கு வாசல் இல்லை. அது மூடுவதே இல்லை. வெளியேறினால், இன்னார் வெளியேறினார் என்று நடுத்திரையில் ஒரு வரி விழும். பந்தியில் பாதி இலையில் எழுந்ததுபோல. 2022 ஆகஸ்டில், அட்மினுக்கு மட்டும் தெரியும்படி ஓசையில்லாமல் வெளியேறும் வசதி வந்தது. பெருநகரத்தில் அது போதும். ஜங்லிகாட்டில் வெளியேறியவரும் அவர் விட்டுவந்த குழுவும் மறுநாள் காலை ஐந்து மணிக்கு அதே மீன் கடையில் நிற்பார்கள். ஆகவே இங்கே பலர் வெளியேறுவதே இல்லை. குழுவின் ஓசையை அடக்கிவைத்துவிட்டு உள்ளேயே இருக்கிறார்கள். வெளியேறியே ஆகவேண்டியவர்கள், ‘வேலை கொஞ்சம் ஜாஸ்தி, அப்புறமா சேர்ந்துக்கறேங்க’ என்று ஒரு வரி போடுகிறார்கள். அப்புறம் யாரும் சேர்வதில்லை. அந்த வரியில் ‘ங்க’ மட்டும் விடுபடுவதே இல்லை.